பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு: எந்தப் பாடம் கடினம், எப்படித் திருப்புவது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

முப்பத்தோரு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் அறிவியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவன் நான். இப்போது மாலை நேரங்களில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வராந்தாவில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் வந்து உட்காருகிறார்கள். பொங்கல் முடிந்துவிட்டால் பிள்ளைகளோடு பெற்றோரும் வரத் தொடங்குவார்கள். ஆட்கள் ஆண்டுதோறும் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதே இல்லை. ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியதால், பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறம் குறித்து வைத்திருந்தவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எல்லாம் தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்துக்கானவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைக் கொடுத்திருக்கிறேன்.

சார், ஐந்து பாடத்தில் எதுதான் ரொம்பக் கஷ்டம்? ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள்.

ஒன்றைச் சொன்னால் அடுத்த ஆண்டே நான் பொய்யன் ஆகிவிடுவேன். 2024 தேர்வில் கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் 20,691 பேர். 2025இல் 1,996 பேர். அதே பாடநூல்தான், அதே பள்ளிகள்தான். அந்த ஓராண்டில் அறிவியலில் சென்டம் 5,104இலிருந்து 10,838 ஆகவும், சமூக அறிவியலில் 4,428இலிருந்து 10,256 ஆகவும் ஏறியது. பாடம் ஓராண்டில் பத்து மடங்கு கடினமாகிவிடாது. வினாத்தாள் மாறியது, அவ்வளவுதான்.

தேர்ச்சி விகிதத்தைப் பார்த்தால் கதை வேறு. 2024இல் மிகக் குறைந்த தேர்ச்சி சமூக அறிவியலில், 2025இல் கணிதத்தில். இரண்டு ஆண்டும் மிக அதிகத் தேர்ச்சி எதில் என்று நினைக்கிறாய்? எல்லாரும் பயப்படும் ஆங்கிலத்தில், 99 சதவீதத்துக்கு மேல். ஆனால் ஆங்கிலத்தில் சென்டம் வாங்கியவர்கள் சில நூறு பேர் மட்டுமே. தாய்மொழி என்று அலட்சியமாக விடும் தமிழில் இரண்டு ஆண்டும் எட்டே எட்டுப் பேர்.

ஆகவே கேள்வியைக் கொஞ்சம் திருத்திக் கேட்க வேண்டும். 35ஐத் தொடக் கடினமான பாடம் ஒன்று, 90ஐத் தாண்டக் கடினமான பாடம் வேறொன்று, நூறைப் பிடிக்கக் கடினமான பாடம் மூன்றாவது ஒன்று. நீ இப்போது எந்தக் கோட்டில் நிற்கிறாய் என்று சொல், உனக்கு எது கடினம் என்று நான் சொல்கிறேன். கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

தேர்ச்சிக்கு எத்தனை மதிப்பெண் வேண்டும்? அறிவியலுக்கு மட்டும் ஏதோ தனிக் கணக்கு என்கிறார்களே?

பாடத்துக்கு 100, மொத்தம் 500. ஒவ்வொரு பாடத்திலும் 35 எடுக்க வேண்டும். அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் குறைந்தது 20, செய்முறையில் குறைந்தது 15 என இரண்டிலும் தனித்தனியே தேற வேண்டும். செய்முறையில் முழுதாக 25 வாங்கிவிட்டு எழுத்தில் 18 எடுத்தால் கூட்டுத்தொகை 43 வந்தாலும் தேர்ச்சி கிடையாது.

2019-20 கல்வியாண்டிலிருந்து தமிழும் ஆங்கிலமும் ஒரே தாள். அண்ணன், அக்கா விட்டுச்சென்ற பழைய ‘இரண்டாம் தாள்’ குறிப்பேடுகளைப் பரணிலேயே விட்டுவிடலாம்.

கணக்கு எனக்கு வரவே வராது. அதை விட்டுவிட்டு மற்ற நான்கையும் நன்றாகப் பார்த்தால் என்ன?

நான்கில் நூறு எடுத்தாலும் ஐந்தாவதில் 34 என்றால் துணைத் தேர்வுதான். விடுகிற பேச்சே வேண்டாம். வினாத்தாளின் அமைப்பைப் பார்: ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2. அந்த இரண்டு எட்டு மதிப்பெண்களும் வடிவியல் வரைதலுக்கும் வரைபடத்துக்கும். அங்கே வரக்கூடிய கணக்கு வகைகளை விரல் விட்டு எண்ணலாம்: வடிவொத்த முக்கோணம், தொடுகோடு, அடிப்பக்கமும் உச்சிக்கோணமும் கொடுத்து வரையும் முக்கோணம், வரைபடத்தில் இருபடிச் சமன்பாடும் நேர், எதிர் மாறுபாடும். பென்சில் கூர்மையாக இருந்து, தினம் ஒன்று என்று ஒரு மாதம் வரைந்தால் 16 கையில் இருக்கும். பயிற்சியில் உள்ள ஒரு மதிப்பெண் வினாக்களைப் போட்டுப் பழகியவனுக்கு 14இல் 10 கிடைக்கும். மொத்தம் 26. கார்ட்டீசியன் பெருக்கலிலோ திட்ட விலக்கத்திலோ இரண்டு ஐந்து மதிப்பெண் கணக்குகள் சேர்ந்தால் 36.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘கணக்கு வராது’ என்று என்னிடம் வந்த பிள்ளைகளின் நோட்டை வாங்கிப் பார்ப்பேன். முக்கோணவியலின் படிகள் சரியாகவே இருக்கும். கடைசியில் பின்னத்தைச் சுருக்குமிடத்தில் தடுக்கி விழுந்திருப்பார்கள். இல்லாவிட்டால் ஒரு கழித்தல் குறி அடைப்புக்குறியைத் தாண்டும்போது மாறாமல் போயிருக்கும். அது ஏழாம் வகுப்புப் பாடம். வெட்கப்படாமல் தங்கையின் புத்தகத்தை வாங்கி இரண்டு வாரம் பின்னமும் குறியும் மட்டும் போட்டுப் பார். பத்தாம் வகுப்புக் கணக்கு பாதி இறங்கிவிடும்.

கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் புரிகிறது சார். தேர்வில் உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

பார்த்ததால்தான் ஓடவில்லை. ஒரு கணக்கைக் காட்டுகிறேன். 10³ + 11³ + … + 20³ என்ன? 1 முதல் 20 வரையான கனங்களின் கூடுதலைக் கண்டு, முன்னால் உள்ள தேவையில்லாத கனங்களைக் கழிக்க வேண்டும் என்று வராந்தாவில் இருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது. 20 × 21 ÷ 2 = 210; அதன் வர்க்கம் 44,100. கழிக்க வேண்டியது எது? பாதிப் பேர் 10 வரை கழித்தார்கள்: 55² = 3,025; விடை 41,075. சரியான விடை 9 வரை கழித்தால் வருவது: 45² = 2,025; ஆகவே 42,075. இரண்டு விடைக்கும் இடையே காணாமல் போன 1,000 வேறு எதுவும் இல்லை, வேண்டாத இடத்தில் கழித்த 10³தான். புத்தகத்தில் போட்டிருப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு போகும்போது அந்த 9ஐ யாரும் நின்று கேட்பதில்லை. தானாகப் போடும்போதுதான் ‘9ஆ, 10ஆ’ என்று பேனா நிற்கும். அந்த நிற்றலை வீட்டிலேயே பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது சிக்கல், பயிற்சியின் தலைப்பு. ‘கூட்டுத்தொடர்’ என்ற தலைப்பின் கீழ் இருக்கும் பத்துக் கணக்கையும் கூட்டுத்தொடர் சூத்திரத்தால் போடலாம் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. தேர்வில் தலைப்பு இருக்காது. அதனால் ஒரு பிஸ்கட் டப்பா எடுத்துக்கொள். எட்டு இயல்களிலிருந்தும் கணக்குகளைச் சீட்டுகளில் எழுதிப் போட்டுக் குலுக்கு. தினம் ஐந்து சீட்டு எடு, எது வருகிறதோ அதைப் போடு. முதல் வாரம் எரிச்சலாக இருக்கும்.

சமூக அறிவியல் கதை மாதிரிதானே? கடைசி வாரத்தில் படித்துக்கொள்ளலாமா?

இந்த நினைப்பில்தான் நிறையப் பேர் கவிழ்கிறார்கள். என்னைக் கேட்டால், கடைசி வாரத்துக்கு விடவே கூடாத பாடம் சமூக அறிவியல்தான். வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் என நான்கு பாடங்கள் ஒரு அட்டைக்குள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொரு வரியும் எளிதுதான். வரிகளின் எண்ணிக்கைதான் ஆளைக் கொல்கிறது.

இயல் இயலாகப் படித்தவன் ஒருமுறை ஆண்டு வாரியாகவும் குறுக்கே வெட்டிப் படிக்க வேண்டும். உதாரணத்துக்கு ஒரு தாளின் நடுவில் 1919 என்று எழுது. ரௌலட் சட்டம், ஜாலியன்வாலா பாக் படுகொலை, வெர்சேல்ஸ் உடன்படிக்கை, மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தங்களைச் செயல்படுத்திய இந்திய அரசுச் சட்டம் எல்லாம் அந்த ஓர் ஆண்டுக்குள் வந்து உட்காரும். புத்தகத்தில் இவை வெவ்வேறு இயல்களில் சிதறிக் கிடக்கின்றன. இப்படி ஏழெட்டு ஆண்டுகளுக்குத் தாள் போட்டால் ஆண்டுகள் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்துக்கொள்ளும்.

வரைபடத்தைத் தினமும் ஐந்து நிமிடம் வெற்றுப் படத்தில் குறித்துப் பழக வேண்டும். பாக் நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் இடம் மாற்றிக் குறிக்காத வகுப்பை நான் பார்த்ததில்லை. ராமேஸ்வரத்தில் விரலை வை. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. விரல் வைத்துப் பழகியவன் மாற்ற மாட்டான்.

அறிவியல் ஒரு பாடமா, மூன்று பாடமா? எதிலிருந்து தொடங்குவது?

ஒரே வினாத்தாள்தான், ஆனால் திருப்பும் முறை மூன்று. மொத்தம் 23 அலகுகள். முதல் ஆறு இயற்பியல், அடுத்த ஐந்து வேதியியல், பிறகு பதினொன்று உயிரியல், கடைசியாகக் கணினி பற்றிய ஒரு சிறு அலகு. இயற்பியலை மேலே கணக்குக்குச் சொன்னபடி சீட்டுப் போட்டுத் திருப்ப வேண்டும். வேதியியலில் சமன்பாடுகளை எழுதி எழுதித்தான் கை பழகும். உயிரியலில் படத்தை முதலில் வரைந்துவிட்டு, படத்திலிருந்து விடையைச் சொல்லிப் பார். இதயத்தின் படத்தை நான்கு அறைகளோடும் வால்வுகளோடும் வரையத் தெரிந்தவனுக்கு ரத்த ஓட்டம் பற்றிய விடையை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. படத்தின் அம்புக்குறியைத் தொடர்ந்து போனால் விடை தானாக வரும்.

என் பாடம் என்பதால் ஒரு புலம்பல். அலகு, அலகு, அலகு! குவிய தூரம் 25 செ.மீ. உள்ள குவிலென்சின் திறன் என்ன என்று கேட்டால் 1ஐ 25ஆல் வகுத்து 0.04 என்று எழுதி வைப்பார்கள். திறனுக்குக் குவிய தூரத்தை மீட்டரில் போட வேண்டும்: 0.25 மீ., ஆகவே 4 டயாப்டர். சூத்திரம் தெரிந்தும் விடை நூறு மடங்கு தப்பு. கணக்கைத் தொடங்கும்முன் தரவுகளை எழுதும் வரியிலேயே அலகை மாற்றி எழுதிவிடும் பழக்கம் வேண்டும்.

தமிழ் நாம் பேசும் மொழிதானே. அதற்கும் தனியாகப் படிக்க வேண்டுமா?

அந்த எட்டுப் பேரை நினைத்துக்கொள். தமிழில் மதிப்பெண் பெரிய ஓட்டையில் போவதில்லை, ஊசித் துளைகளில் ஒழுகுகிறது. வல்லினம் மிகும் இடம், ரகர றகரம், லகர ளகர ழகரம், முற்றுப்புள்ளி. விடை எல்லாம் சரியாக எழுதிய பிள்ளை 88இல் நிற்பது இதனால்தான். இதற்கு மருந்து ஒன்றுதான்: தினம் அரைப் பக்கம் யாராவது வாசிக்க, நீ எழுது. பிறகு புத்தகத்தோடு ஒப்பிட்டுச் சிவப்பு மையால் திருத்து. ‘சொல்வதை எழுதுதல்’ மூன்றாம் வகுப்போடு முடிந்துவிட்டது என்று நினைப்பது தப்பு.

உறுதியாகக் கிடைக்கும் மதிப்பெண்களும் இருக்கின்றன. மனப்பாடப் பாடல் ஒன்று, அடி பிறழாமல் எழுதினால் முழுமதிப்பெண். அலகிடுதல் இன்னொன்று, பலர் அதை ஏதோ மந்திரம் என்று விட்டுவிடுகிறார்கள். குறளின் ஈற்றுச்சீருக்கு வாய்பாடு நான்கே நான்கு: நாள், மலர், காசு, பிறப்பு. ‘உலகு’ என்று முடிந்தால் உல என்பது நிரை, அதோடு குற்றியலுகரம் சேர்ந்து நிரைபு, ஆகவே பிறப்பு. மற்ற சீர்களை நேர், நிரை என்று பிரித்துத் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் போடுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். கணக்குக்குப் பயப்படுகிறவன் கூட இதைக் கணக்குப் போலவே போட்டு முழுதாக வாங்கலாம்.

ஆங்கிலம் புரியவில்லை. கட்டுரையை எல்லாம் அப்படியே மனப்பாடம் செய்துவிட்டேன். போதுமா?

தேர்ச்சிக்குப் போதும், ஒருவேளை அறுபதுக்கும் போதும். எந்தப் பாடத்தைக் கேட்டாலும் தலைப்பை மட்டும் மாற்றி எழுதிவிடலாம் என்று ஒரு ‘காமன் எஸ்ஸே’ பிள்ளைகளிடம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிறது. அதைத் திருத்துகிறவர்களும் அதைப் படித்துத்தான் வளர்ந்தார்கள் என்பதைப் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள்.

எழுபதைத் தாண்ட வேண்டுமானால் மனப்பாடம் தேவைப்படாத பகுதிகளில் நேரத்தைப் போடு. கடிதம், அறிவிப்பு, விளம்பரம், குறிப்பெடுத்தல், படத்தைப் பார்த்து எழுதுதல் ஆகியவற்றுக்கு வடிவம் தெரிந்தால் சொந்தமாக ஐந்தாறு எளிய வாக்கியங்கள் போதும். தினம் ஒரு படத்தைப் பார்த்து ஐந்து வாக்கியம் எழுது. தப்பாக இருக்கட்டும், யாரிடமாவது காட்டித் திருத்திக்கொள்.

மூன்று தடவை படித்துவிட்டேன். மறுநாள் கேட்டால் ஒன்றும் நினைவில்லை. எனக்கு மறதி நோயா?

இல்லை. மூன்று தடவையும் புத்தகம் திறந்தே இருந்தது, அதுதான் காரணம். இரண்டாம் தடவை படிக்கும்போது வரிகள் பழகிய முகமாகத் தெரிகின்றன. பழகியதைத் தெரிந்தது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. பேருந்தில் தினமும் பார்க்கும் நடத்துநரின் முகம் உனக்குத் தெரியும். அவர் பெயரைச் சொல் என்றால் முழிப்பாய். தேர்வு கேட்பது பெயரை.

2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள், ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் என இரண்டு பிரிவு. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் தாண்டிவிட்டார்கள். பொதுத்தேர்வு ஐந்து நிமிடம் கழித்து வருவதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு விடையை ஒருமுறை நிதானமாகப் படி. புத்தகத்தை மூடி, முதுகுக்குப் பின்னால் வை. பழைய நோட்டின் மிச்சத் தாளில் நினைவில் உள்ளதை எழுது. திறந்து, விட்டுப்போனதை மட்டும் சிவப்பில் எழுது. அடுத்த தடவை அந்தச் சிவப்பை மட்டும் பார்த்தால் போதும். முதல் நாள் தாள் முழுக்கச் சிவப்பாக இருக்கும். அதைப் பார்த்து அழுத பிள்ளைகள் உண்டு. மூன்றாம் தடவையில் சிவப்பு நான்கு வரிக்குச் சுருங்கியதும் அதே பிள்ளைகள் தாளைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டுவார்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும்?

மறதிக்கு ஒரு போக்கு இருக்கிறது என்று 1885இலேயே ஜெர்மனியின் எபிங்காஸ் தன்னையே சோதனைப் பொருளாக வைத்துக்கொண்டு எழுதினார்: முதல் சில மணி நேரத்தில் சரசரவென்று மறக்கிறது, பிறகு மெதுவாக மறக்கிறது. அதனால் முதல் திருப்புதல் சீக்கிரம் வர வேண்டும், அடுத்தடுத்தவை தள்ளித் தள்ளி வரலாம். நான் பிள்ளைகளுக்குச் சொல்வது: அன்றிரவு, மூன்றாம் நாள், பத்தாம் நாள், ஒரு மாதம் கழித்து. இந்த எண்கள் வேதவாக்கு இல்லை. ஒரு நாள் முன்னே பின்னே போனால் குடி முழுகிவிடாது. ஒவ்வொரு தடவையும் முந்தைய பதிலில் சொன்ன மூடிவைத்து எழுதும் முறைதான்.

தினம் எத்தனை மணி நேரம்? விடியற்காலை நல்லதா, இரவு நல்லதா?

தூக்கம் வராத நேரம் நல்லது. நான்கு மணிக்கு எழுப்பி உட்கார வைக்கப்பட்டுப் புத்தகத்தின் மேல் தலை சாய்த்துத் தூங்கும் பிள்ளைக்கு அது படிப்பும் இல்லை, தூக்கமும் இல்லை. மணிக் கணக்கைவிட, இன்று மூடிவைத்து எழுதியது எத்தனை விடை என்று எண்ணுங்கள்.

கைடில் ‘முக்கிய வினாக்கள்’ என்று போட்டிருக்கிறார்கள். அதை மட்டும் படித்தால்?

35ஐக் குறிவைப்பவனுக்குப் பள்ளியில் கொடுக்கும் மெல்லக் கற்போர் கையேடு உதவும், அதை நான் குறை சொல்ல மாட்டேன். 80க்கு மேல் குறிவைப்பவனுக்கு அது வலை. முன்பெல்லாம் எந்த இயலிலிருந்து எத்தனை மதிப்பெண் என்று ‘ப்ளூபிரிண்ட்’ இருந்தது. அதைப் பார்த்து இயல்களை விட்டுவிடுவது ஒரு கலையாகவே வளர்ந்திருந்தது. புதிய பாடநூல்கள் வந்த பிறகு அந்த வசதி போய்விட்டது.

தவிர, கட்டாய வினா என்று ஒன்று இருக்கிறது. கணிதத்தில் 28ஆம் வினாவையும் 42ஆம் வினாவையும் தவிர்க்க முடியாது. புத்தகத்தில் உள்ள கணக்கைக் கொஞ்சம் முகம் மாற்றித் தருவதற்கு அதுதான் தோதான இடம். ‘முக்கிய வினா’ப் பட்டியலில் அது ஒருநாளும் இருக்காது. டப்பாச் சீட்டு முறையில் பழகியவன்தான் அங்கே தட்டுத்தடுமாறியாவது தொடங்குவான். பாதி வரை போட்ட படிகளுக்கும் மதிப்பெண் உண்டு.

என் மகள் 92 வாங்கும் அறிவியலையே திரும்பத் திரும்பப் படிக்கிறாள். 54 வாங்கும் சமூக அறிவியலைத் தொடுவதே இல்லை. எப்படிச் சொல்வது?

அம்மா, இது சோம்பல் இல்லை. தெரிந்த பாடத்தில் உட்கார்ந்தால் சுகமாக இருக்கிறது, படிக்கிறோம் என்ற நிம்மதியும் கிடைக்கிறது. என் வகுப்பின் மிகக் கெட்டிக்காரப் பிள்ளைகளிடம்தான் இந்தப் பழக்கத்தை அதிகம் பார்த்திருக்கிறேன்.

கணக்காகக் காட்டுங்கள். 92ஐ 97 ஆக்க ஒரு மாதம் வேண்டும். மிச்சம் இருப்பவை எல்லாம் ஊசித் துளைகள். 54ஐ 75 ஆக்க அதே ஒரு மாதம் போதும், ஏனென்றால் அங்கே இன்னும் பெரிய ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கின்றன. கூட்டுத்தொகையில் 5 பெரிதா, 21 பெரிதா? ஆனால் முழுவதும் மாற்றச் சொல்லாதீர்கள். நாளின் முதல் ஒரு மணி நேரம் சமூக அறிவியல், பிறகு அவள் விருப்பம் என்று விடுங்கள். பிடித்ததைப் பிறகு வைத்தால் பிடிக்காதது சீக்கிரம் முடியும்.

முதல் திருப்புதல் தேர்வில் மதிப்பெண் குறைந்துவிட்டது. இனி என்ன செய்வது?

விடைத்தாளைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கிறாயா? அதுதான் உனக்கு இருக்கும் மிக நல்ல கைடு. இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து போடு: தெரியாதது என்றால் ‘தெ’, தெரிந்தும் தப்பாக எழுதியது ‘த’, நேரம் போதாமல் விட்டது ‘நே’. பிறகு எண்ணு. சென்ற ஆண்டு ஒரு பையன் கணிதத்தில் 61 வாங்கி, தான் மக்கு என்று முடிவு கட்டியிருந்தான். இழந்த 39இல் 17 ‘நே’. அவனுக்குத் தேவைப்பட்டது கணக்கு இல்லை, கடிகாரம். ‘தெ’ அதிகம் உள்ளவன் பாடத்துக்குப் போக வேண்டும். ‘த’ அதிகம் உள்ளவன் அலகு, குறி, ஒற்று என்று தன் தப்புகளின் பட்டியலைச் சுவரில் ஒட்ட வேண்டும். ‘நே’ அதிகம் உள்ளவன் மணி வைத்துக்கொண்டு முழுத் தாள் எழுத வேண்டும்.

தேர்வுகளுக்கு இடையே வரும் விடுமுறை நாட்களில் முழுப் புத்தகத்தையும் படித்துவிடலாம் அல்லவா?

அந்த நாட்களை நம்பி ஒரு பாடத்தை ஒதுக்கி வைத்தவர்கள் யாரும் சிரித்துக்கொண்டு தேர்வு அறைக்குள் போனதை நான் பார்த்ததில்லை. அவை சிவப்பு மை வரிகளுக்கும், சுவரில் ஒட்டிய தப்புப் பட்டியலுக்கும் மட்டும். எழுதி முடித்த தேர்வின் விடைகளை நண்பர்களோடு ஒப்பிட்டுப் பார்த்து அரை நாளைத் தொலைக்காதே. அந்தத் தாள் கட்டுக்குள் போய்விட்டது.

முதல் பதினைந்து நிமிடம் கொடுக்கிறார்களே, அதில் என்ன செய்வது?

பத்து நிமிடம் வினாத்தாளைப் படிக்க, ஐந்து நிமிடம் முகப்புத்தாளின் விவரங்களைச் சரிபார்த்துக் கையொப்பமிட. பத்தே கால் மணிக்குத்தான் எழுதத் தொடங்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு மதிப்பெண் வினாக்களைப் படித்து நேரம் போக்காதே, அவை ஓடிவிடாது. ‘அல்லது’ உள்ள பெரிய வினாக்களையும் ‘எவையேனும் பத்து’ உள்ள பகுதிகளையும் படித்து, எவற்றை எழுதப் போகிறாய் என்று மனத்தில் முடிவு செய். நடுவில் முடிவை மாற்றி, பாதி எழுதிய விடையை அடிப்பதுதான் நேரத்தைத் தின்னும் பெரும் பூதம்.

பத்தாம் வகுப்பில் கணக்கில் 95 வாங்கினால் பதினொன்றாம் வகுப்பில் கணிதப் பிரிவு எடுக்கலாமா?

மதிப்பெண்ணை மட்டும் கேட்டு நான் பதில் சொல்வதில்லை. 2024இல் 95 என்பது ஒரு பொருள், 2025இல் 95 என்பது வேறு பொருள்; முதல் கேள்வியின் பதிலை மறுபடி பார்த்துக்கொள்ளவும். அந்த 95 எப்படி வந்தது என்பதைத்தான் கேட்பேன். புத்தகக் கணக்குகளைப் பத்துத் தடவை போட்டு, எண் மாறாமல் வந்ததால் கிடைத்ததா? அல்லது 42ஆம் வினாவோடு கால் மணி நேரம் மல்லுக்கட்டியதில் ஒரு சுவை இருந்ததா?

சென்ற ஜூன் மாதம் ஒரு பெண் இதே கேள்வியோடு வந்தாள். கையில் மதிப்பெண் பட்டியல், கணிதத்தில் 78. அவள் அப்பா வணிகவியல் போதும் என்றார். நான் வழக்கம்போல் டப்பாவை நீட்டினேன். தேர்வு முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது, யாரும் கேட்கப் போவதில்லை. அவள் ஒரு சீட்டை எடுத்தாள், போட்டாள், விடை வரவில்லை. அப்பா பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தார். அவள் அந்தச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “வீட்டில் போட்டுப் பார்க்கிறேன் சார்” என்றாள். கணிதப் பிரிவு கேளுங்கள் என்று அவள் அப்பாவிடம் சொன்னேன்.